நாற்பத்தாறில் கழலும் நிழல்

மேலச்சூரங்காட்டுக்கு ரோடு பிரிகிற விலக்கில் வேகம் பிடிக்கிற கேமராக் கம்பம் நட்ட பதினோராம் நாள், வெங்காய லோடு ஏற்றிக்கொண்டு தெற்கே போன லாரி ஒன்றின் நிழல் வண்டியை விட்டுக் கழன்று ரோட்டோரத்திலேயே நின்றுவிட்டது. லாரி போய்விட்டது, நிழல் போகவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

பார்த்தவர்கள் எட்டுப் பேர். எட்டுப் பேரும் பஸ்ஸுக்கு நின்றவர்கள். நாலுவழிச் சாலை போடுகிறோம் என்று நூற்றுச் சொச்சம் புளியமரத்தையும் வெட்டிச் சாய்த்துவிட்டுப் போனதிலிருந்து மூன்று வருஷமாக, தலையில் துண்டையும் முந்தானையையும் போட்டுக்கொண்டு கரிசல் வெயிலில் நின்று நின்று அலுத்தவர்கள். அதனால் ஒருத்தரும் வாயைப் பிளக்கவில்லை, சாமி என்று கும்பிடவில்லை, போலீசுக்கு ஆள் அனுப்பவில்லை. வெள்ளரிக்காய்க் கூடைக்காரி வேலுத்தாய்தான் செருப்பைக் கழற்றி நிழலுக்குள் ஒரு காலை வைத்துப் பார்த்தாள். "சுடலயே" என்றாள். கூடையை இறக்கினாள், உட்கார்ந்தாள். மற்ற ஏழு பேரும் உட்கார்ந்தார்கள். வெங்காய வாடை லேசாக அடித்தது, பொறுத்துக்கொண்டார்கள்.

பலகையில் வேகம் நாற்பது என்று எழுதியிருந்தது. ஆனால் கேமரா நாற்பத்தைந்து வரைக்கும் கண்டுகொள்ளாது. மிஷின் முன்னே பின்னே காட்டலாம், டயர் தேய்ந்திருக்கலாம், என்று ஐந்தைத் தள்ளிவிடுவது ஆபீஸ் வழக்கம், எங்கேயும் எழுதிவைக்காத வழக்கம், எல்லா டிரைவர்களுக்கும் தெரிந்த வழக்கம். நாற்பத்தாறு ஆனால் போச்சு. பளிச்சென்று ஒரு வெட்டு, வண்டியின் நிழல் கழன்று அந்த நேரத்துக்கு எந்த நீளமோ அந்த நீளத்தில் அங்கேயே படிந்துவிடும். பிறகு சூரியன் எங்கே நகர்ந்தாலும் அது நகராது. டிரைவர் டவுனுக்குப் போய், வட்டாரப் போக்குவரத்து ஆபீசில் ஆமாம் என்று ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டி, ரசீதோடு வண்டியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்தினால், நிழல் படுத்திருந்த எருமை எழுவது மாதிரி மெதுவாக எழுந்து வண்டியில் ஏறிக்கொள்ளும். இரண்டாம் தடவையும் அப்படித்தான். மூன்றாம் தடவை கிடையாது. லைசென்சை ஆறு மாசம் முடக்கிவிடுவார்கள், நிழல் அரசாங்கத்துக்குச் சேர்ந்துவிடும், பிறகு அது அந்த இடத்தை விட்டு ஒருநாளும் எழாது.

ஊர் இதையெல்லாம் ஒரே மாசத்தில் படித்துக்கொண்டது. காலை எட்டு மணி நிழல் நீளம், ஆனால் ரோட்டுக்கு மேற்கே விழும், அங்கே முள்ளு. உச்சி நிழல் ஒன்றுக்கும் ஆகாது, கோழி நிற்கலாம். நாலு மணி நிழல்தான் நிழல். மோட்டார் சைக்கிள் நிழலில் இரண்டு ஆடு படுக்கும். கார் நிழலில் ஒரு குடும்பம் சோறு தின்னலாம். மீன் வண்டி நிழலுக்குப் பூனை வரும். சிமெண்ட் லாரி ஒன்றின் நிழலில் உட்கார்ந்து ஒரு கல்யாணம் பேசி முடித்தார்கள், பேசி முடித்துக் கைநனைப்பதற்குள் லாரிக்காரன் ரசீதோடு வந்துவிட்டான், மாப்பிள்ளை வீட்டார் வெயிலில் நின்று பாயசம் குடித்தார்கள். அமரர் ஊர்தி ஒன்றும் மாட்டியது, அதற்கு என்ன அவசரமோ. அந்த நிழலில் யாரும் உட்காரவில்லை, ஆனால் நடந்துபோகும்போது ஓரமாக மிதித்துக்கொண்டு போனார்கள். உட்காருவதற்கு முன்னால் இந்த வண்டி யாருடையது, ஓட்டினவன் என்ன ஆள் என்று விசாரித்துவிட்டு உட்காருகிறவனும் ஊரில் இருந்தான். அதற்கும் ஆள் இருக்கத்தானே செய்யும். பங்குனி வெயில் ஏறியதும் விசாரிப்பதை விட்டுவிட்டான். அதிகாரி ஒருத்தருடைய ஜீப் நிழல் மட்டும் விழுந்த அன்றைக்கே ரசீது இல்லாமல் எழுந்து போனது. அதை யாரும் கேட்கவில்லை.

ஒரே குறைதான். வருகிற நிழல் தங்குவதில்லை. நாலு நாள், ஒரு வாரம், வண்டிக்காரன் வந்து எடுத்துக்கொண்டு போய்விடுவான். எடுக்காமலும் அவனால் இருக்க முடியாது. ஏன் என்பது குருவையாவுக்கு நன்றாகத் தெரியும்.

குருவையா 'ராக்காச்சி துணை' பஸ்ஸின் டிரைவர். ஐம்பத்தாறு வயசு, முப்பத்தொரு வருஷ ஸ்டீயரிங், இடது காலில் நரம்பு சுருட்டல். டவுனுக்கும் தெற்கே மணல்மேட்டுக்கும் நாளைக்கு ஆறு நடை. தனியார் பஸ் ஓட்டுகிறவனுக்கு ரோடு முதலாளி இல்லை, டீசல் முதலாளி இல்லை, டைமிங்தான் முதலாளி: இத்தனை மணி இத்தனை நிமிஷத்துக்கு ஸ்டாண்டை விட்டு எடுக்கணும், இத்தனைக்குப் போய்ச் சேரணும், ஐந்து நிமிஷம் பின்னால் நீல வண்டி வரும், நீ ஒரு நிமிஷம் பிந்தினால் அவன் ஆளை நீ ஏற்றுகிறாய் என்று ஸ்டாண்டில் இறங்கிச் சட்டையைப் பிடிப்பான், நீ முந்தினால் உனக்கு முன்னால் போகிறவன் பிடிப்பான். முப்பத்தொரு வருஷம் இந்த இரண்டு பிடிக்கும் நடுவில் ஓடினவர் குருவையா.

அவருக்கு முதல் நிழல் போனது தை மாசம். கூட்ஸ் ரயிலுக்குக் கேட் போட்டுவிட்டான், ஏழு நிமிஷம். கண்டக்டர் ஜெபமணி பின்படியில் தொங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணே, நீலக்காரன் ரெண்டு வண்டிக்குப் பின்னாடி நிக்கிறான்" என்றான். கேட் திறந்ததும் குருவையா மிதித்தார். விலக்கில் பளிச்சென்றது. அடுத்த நொடி பஸ்ஸுக்குள்ளே வெயில்.

நிழல் இல்லாத பஸ்ஸுக்குள் நிழல் எப்படி இருக்கும்? கூரை இருந்தது, தகரம் இருந்தது, தகரத்தின் மேல் லக்கேஜ் இருந்தது. எல்லாவற்றையும் தாண்டி வெயில் நேராக ஐம்பத்திரண்டு சீட்டிலும் இறங்கியது. "யோவ், மேக்கூரையக் காணமா?" என்று ஒருத்தர் அண்ணாந்து தட்டிப் பார்த்தார், தகரம் டங்கென்றது. குடை வைத்திருந்தவர்கள் பஸ்ஸுக்குள்ளேயே விரித்தார்கள். இல்லாதவர்கள் பக்கத்துச் சீட்டுக் குடைக்குள் தலையை நுழைத்தார்கள், அதில் நாலு சண்டை. ஜெபமணி தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு டிக்கெட் கிழித்தான். மணல்மேட்டில் இறங்கும்போது ஒரு வாத்தியார், "உழவுக்குப் போயிட்டு வந்தாப்பல இருக்கு, இதுக்கு டிக்கெட் வேற" என்று சொல்லிவிட்டு இறங்கினார். மறுநாளே முதலாளி அபராதத்தைக் கட்டச் சொன்னார். அதனால்தான் எந்த நிழலும் தங்கவில்லை.

அதற்குப் பிறகு குருவையா நாற்பத்தைந்தில் வந்தார். சரியாக நாற்பத்தைந்து. பஸ்ஸில் மீட்டர் முள் செத்து ஆறு வருஷம் ஆகிறது, யாருக்கு வேண்டும் அது. ஆறாவது சீட்டு ஜன்னல் கண்ணாடி ஒன்று இருந்தது, நாற்பத்தைந்து ஆனால் வண்டு மாதிரி ஙொய்யென்று பாடும், அதற்கு மேலே போனால் பாட்டு நின்று கடகடவென்று ஆடும். குருவையா காதை அந்தக் கண்ணாடியில் வைத்து வண்டி ஓட்டினார். பாடினால் நிழல் உண்டு, ஆடினால் இல்லை. இரண்டு மாசம் அப்படி ஓடியது. பிறகு ஒருநாள் தலைவலிக்கார டீச்சர் ஒருத்தி, "இந்தச் சத்தத்தை நிறுத்துங்களேன் கண்டக்டர்" என்று கேட்க, ஜெபமணி நல்ல மனசோடு டிக்கெட் புத்தக அட்டையை மடித்துக் கண்ணாடி இடுக்கில் செருகிவிட்டான். அதை அவன் டிரைவரிடம் சொல்லவில்லை. குருவையா பாட்டு வரும் வரும் என்று மிதித்துக்கொண்டே வந்தார். விலக்கில் பளிச்.

"அட்டைய எவன்டா சொருகினது?"

"நாந்தாண்ணே. டீச்சரம்மா தலவலின்னாங்க."

"இனி எனக்குத் தலவலி."

முதலாளி இந்தத் தடவை கத்தவில்லை. கத்தாததுதான் பயம். ரசீதை மேசையில் போட்டு, "இன்னொரு தரம் விழுந்துச்சுன்னா லைசென்சும் இருக்காது, வண்டியும் இருக்காது. நெழலில்லாத வண்டிய நான் காயலாங்கடைக்குத்தான் போடணும். பாத்துக்கங்க குருவையா" என்றார். அதில் மிரட்டல் இல்லை, கணக்குச் சொன்னார். ஆறு மாசம் லைசென்ஸ் இல்லாத ஐம்பத்தாறு வயசு டிரைவருக்கு ஆறு மாசம் கழித்து யாரும் சாவி கொடுக்க மாட்டார்கள். குருவையாவுக்கு வேறு வேலை தெரியாது. வேறு வேலை தெரிந்துகொள்ளும் தெம்பும் இல்லை. அட்டையைப் பிடுங்கிப் போட்டார். கண்ணாடி பாடியது. பாட்டைக் கேட்டுக்கேட்டு ஓட்டினார்.

அவர் கணக்கை ஊரும் போட்டிருந்தது. இரண்டு தரம் விழுந்த வண்டி இந்த ரோட்டில் ஒன்றுதான். அதுவும் பஸ். அதுவும் நாலு பத்துக்குத் தெற்கே போகிற பஸ். கிழக்கே, ஆட்கள் நிற்கிற பக்கமாகவே, பெரிய பந்தல் மாதிரி விழும். மூன்றாந்தரம் விழுந்தால் எழாது.

சித்திரை பிறப்பதற்கு ஒரு வாரம் முன்னால் விலக்கில் பஸ்ஸை மறித்துவிட்டார்கள். மறித்தவர் சுந்தரராசு. அவருடைய சம்சாரம்தான் பஞ்சாயத்துப் பிரசிடெண்ட். ஆனால் பிரசிடெண்ட் என்று கூப்பிட்டால் இவர்தான் திரும்புவார்.

"டிரைவரய்யா, ஒரு வார்த்தை."

"ஏறினா பேசலாம். வண்டிய மறிக்காதீரும்."

"நிழற்குடைக்கு எத்தன மனு போட்டாச்சு தெரியுமா? இருபத்தொண்ணு. புள்ளத்தாச்சி நிக்கா, பள்ளிக்கூடத்துப் பிள்ளைக நிக்குது. நீங்க மனசு வச்சா ஒரே நாள்ல முடிஞ்சிரும். நாலு பத்து வண்டில வரும்போது லேசா ஒரு மிதி."

"என் லைசென்ஸ் போயிரும்."

"ஊருக்கு நெழலு வரும்ல."

"உம்ம பைக்க மூணுதரம் வெரட்டி விட்டுப்பாரும்."

"பைக்கு நெழல்ல ரெண்டு ஆடு படுக்கும். ஊரு படுக்குமாய்யா?"

"ஊரு எதுக்குப் படுக்கணும்? வேலவெட்டியப் பாக்கட்டும். தள்ளும்."

சுந்தரராசுவுக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். அதில் வேலுத்தாயும் நின்றாள். பன்னிரண்டு வருஷமாக அவளுடைய வெள்ளரிக்கூடை குருவையாவின் சீட்டுக்குப் பின்னால், எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில்தான் போகும். லக்கேஜ் போடச் சொல்லி அவர் ஒருநாளும் கேட்டதில்லை, தினமும் இரண்டு பிஞ்சைத் துடைத்து டேஷ்போர்டில் வைக்காமல் அவளும் இறங்கினதில்லை. அன்றைக்கு அவள் கூடையை ஏற்றவில்லை. ஏறவும் இல்லை. வண்டி நகரும்போது மட்டும் குருவையா கண்ணாடியில் பார்த்தார். முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு அங்கேயே நின்றாள்.

இரண்டு வாரம் ஊர் ஒன்றும் கேட்கவில்லை. ஒழிந்தது என்று நினைத்தார். பதினைந்தாம் நாள், நாலு பத்து, ஜன்னல் கண்ணாடி சரியாகப் பாடிக்கொண்டிருந்தது, ஙொய்யென்று, ஆடவில்லை, அவர் காதால் கேட்டார், சத்தியமாகக் கேட்டார், பளிச்சென்று வெட்டியது. பஸ்ஸுக்குள் வெயில் இறங்கியது. ஜெபமணி பின்படியிலிருந்து ஓடிவந்து கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தான்.

"அண்ணே, அட்ட இல்லண்ணே. நான் சொருகலண்ணே."

"தெரியும்."

"பாடிச்சே அண்ணே."

"தெரியும்டா. குடையப் பிடி."

அன்று ஒரே நாளில் விலக்கில் பதினேழு நிழல் விழுந்தன. லாரி, கார், வேன், பால் வண்டி, கல்யாண கோஷ்டி ஏற்றி வந்த டெம்போ. எல்லாரும் நாற்பத்து மூன்றிலும் நாற்பத்து நாலிலும் நாற்பத்தைந்திலும் வந்தவர்கள், எல்லாரும் ஐந்து தள்ளுபடியை நம்பினவர்கள். பதினேழில் பதினாறு முதல் தடவை, இரண்டாம் தடவை. ஒன்றுதான் மூன்று.

பஸ்ஸை ஷெட்டில் நிறுத்திவிட்டார்கள். விசாரணைக் கடிதம் வந்தது. ஒன்பது நாள் குருவையா வீட்டில் இருந்தார். சாப்பிடும்போது வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்காரி பார்த்தாள், குழம்பை ஊற்றினாள். தெருவில் நீல வண்டி ஹாரன் கேட்டால் கையைத் திருப்பி மணி பார்த்தார். மணி பார்த்து என்ன செய்ய?

சாட்சி நிழல் என்பதாலும் நிழலை ஆபீசுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பதாலும் விசாரணை விலக்கிலேயே நடந்தது. ஜெபமணி ஷெட்டிலிருந்து பஸ்ஸை வேறொரு டிரைவரை வைத்துக் கொண்டுவந்து நிறுத்தினான். போக்குவரத்து ஆபீசின் பிரேக் இன்ஸ்பெக்டர் பரிமளம் மடக்கு நாற்காலி, டேப்பு, ஃபைல், ஒரு கறுப்புக் குடையோடு வந்திறங்கினார். அந்தம்மாவுக்கும் அலுப்பு, காலையிலிருந்து மூன்றாவது விசாரணை.

குருவையா தன் வண்டியின் நிழலை அப்போதுதான் பார்த்தார். பெரிசாகத்தான் இருந்தது. கரும்பச்சையாக, ஈரப்பானைக்குப் பக்கத்தில் இருப்பது மாதிரி ஒரு குளிர்ச்சியோடு, ரோட்டோரம் முழுக்கப் படுத்திருந்தது. அதற்குள் நாற்பது ஐம்பது பேர். மஞ்சள் பையோடு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், புளிச்சோற்றைப் பிரித்துவைத்துத் தின்கிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், தொட்டில் கட்ட இடமில்லாமல் மடியிலேயே பிள்ளையைத் தூங்கப்போட்டிருந்த ஒருத்தி, வெள்ளரிக்கூடையோடு வேலுத்தாய். சீட்டு சீட்டாக உட்கார்ந்த மாதிரி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முன்னால், டிரைவர் சீட்டு வருகிற இடத்தில் மட்டும் யாரும் உட்காரவில்லை. அந்த இடத்தைச் சுத்தமாகக் கூட்டிவைத்திருந்தார்கள்.

பரிமளம் டேப்பால் நிழலை அளந்தார். எழுதினார்.

"எவ்வளவுல வந்தீங்க?"

"நாப்பத்தஞ்சு."

"பலகையில என்ன எழுதியிருக்கு?"

"நாப்பது."

"அப்புறம்?"

"நாப்பத்தஞ்சு வரைக்கும் விடுவீங்கள்ல மேடம்."

"யார் சொன்னது?"

"எல்லாருந்தான்."

"எல்லாரும்னு ஒரு ஆள நான் ரிக்கார்டுல எழுத முடியாது."

இன்ஸ்பெக்டர் குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு ஃபைலைப் புரட்டினார். "அஞ்சு தள்ளுறது வழக்கம். இல்லங்கல. ஆனா போன மாசக் கடைசில அத ரெண்டாக் குறைச்சாச்சு. நாப்பத்திரண்டு வரைக்குந்தான். உங்க நல்ல நேரம், குறைக்கிறதுக்குப் பதினஞ்சு நாள் முன்னாடி இங்க நோட்டீஸ் ஒட்டணும், ஒட்டல. நோட்டீஸ் ஆபீஸ் பீரோவுல இருக்கு. அதனால எச்சரிக்கையோட விடலாம். அந்தப் பதினாறு பேருக்கும் அப்படித்தான் விட்டேன். இந்த எடத்துல கையெழுத்துப் போடுங்க, நிழல எடுத்துக்கலாம். வேண்டாம்னா ஆறு மாசம் முடக்கம், நிழல் அரசாங்கத்துக்கு. உங்க இஷ்டம்."

"இதுல என்ன மேடம் இஷ்டம்?"

"கேக்கணும். ஃபாரத்துல இருக்கு."

குருவையா பேனாவை வாங்கினார். வாங்கிவிட்டு, "எதுக்குக் குறைச்சீங்க?" என்றார்.

அந்தம்மா ஃபைலில் ஒரு காகிதத்தைத் திருப்பிக் காட்டினார். மேலச்சூரங்காடு பொதுமக்கள் எழுதிக்கொண்டது. பள்ளிப் பிள்ளைகள் ரோட்டைக் கடக்கிறபடியால், வேகத்துக்கு ஐந்து கிலோமீட்டர் சலுகை கொடுப்பது உயிருக்கு ஆபத்து, கண்டிப்பாக நடவடிக்கை எடுக்க வேண்டியது. "கண்டிப்பாப் பிடிங்கன்னு ஒரு ஊரே மனுப் போட்டது என் சர்வீஸ்ல இதான். பெரிய ஆபீசர் சந்தோசப்பட்டு மூணே நாள்ல ஆர்டர் போட்டாரு. இருபத்தொரு நிழற்குடை மனுவும் அதே பீரோவுலதான் கெடக்கு" என்றார். அதைச் சொல்லும்போது அந்தம்மா சிரிக்கவில்லை.

அறுபத்து மூன்று கையெழுத்து. முதல் கையெழுத்து ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, கோழி நடந்த மாதிரி: வே லு த் தா ய்.

குருவையா தலையை நிமிர்த்தினார். நிழலுக்குள் இருந்தவர்கள் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரும் கெஞ்சவில்லை, யாரும் கும்பிடவில்லை. பேனா காகிதத்தை நோக்கி இறங்கியதும் அவர்கள் எழுந்தார்கள். யாரும் சொல்லாமலே எழுந்தார்கள். சோற்றுத் தூக்கை மூடினார்கள், மஞ்சள் பையை எடுத்தார்கள், மடியில் தூங்கின பிள்ளையை முந்தானையால் மூடித் தோளில் போட்டார்கள், வெள்ளரிக்கூடை தலைக்கு ஏறியது. ஒருத்தர் பின் ஒருத்தராக, பஸ்ஸிலிருந்து இறங்குவது மாதிரியே வரிசையாக, வெயிலுக்கு இறங்கினார்கள்.

குருவையா கையெழுத்துப் போட்டார். வேறு என்ன செய்வார்? அவரைக் கேட்டா மரத்தை வெட்டினார்கள்?

நிழல் எழுந்தது. எருமை மாதிரி முன்னங்காலை ஊன்றி, பின்னங்காலை இழுத்து, சோம்பலாக எழுந்து பஸ்ஸுக்குள் ஏறிப் படிந்துகொண்டது. அது கிடந்த இடத்தில் தரை வெளுத்திருந்தது. குருவையா வண்டியை எடுத்தார். அன்றைக்கு முழுக்க அவருக்கு ஒரு சந்தோஷமும் வரவில்லை. அலுப்புத்தான் வந்தது, முப்பத்தொரு வருஷத்து அலுப்பும் ஒரே நாளில் இடுப்பில் இறங்கின மாதிரி.

மறுவாரமே ஆபீஸ் நோட்டீஸை ஒட்டியது. நாற்பத்திரண்டுதான், அதற்கு மேல் ஒரு புள்ளி கிடையாது. படித்த டிரைவர்கள் படிக்காதவர்களுக்குச் சொன்னார்கள், ஒருத்தரை ஒருத்தர் விளக்கைக் காட்டி எச்சரித்தார்கள். நீல வண்டியும் குருவையாவும் லாரியும் டெம்போவும் எல்லாரும் விலக்கு வந்தால் முப்பத்தெட்டில் ஊர்ந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு நிழலும் விழவில்லை. ஆடு நிற்கிற அளவுக்குக்கூட விழவில்லை. ஊர் கேட்டது ஊருக்குக் கிடைத்தது. ரோட்டோரம் வெறுந்தரையாகக் கிடந்தது, சித்திரை போய் வைகாசி வந்தது, அக்கினி நட்சத்திரத்தில் தார் இளகி டயரில் ஒட்டியது, ஆட்கள் முன்னைப்போலத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

குருவையா நிறுத்துவார். அரை நிமிஷம். ஏறுகிறவர்கள் அவர் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், அவரும் பார்க்க மாட்டார். வேலுத்தாய் அவர் வண்டியில் ஏறுவதையே விட்டுவிட்டாள். இன்னும் ஐந்து நிமிஷம் வெயிலில் நின்று நீல வண்டியில் போனாள். டேஷ்போர்டில் ஒன்றும் இல்லாமல் ஒரு மாசம் ஓடியது.

ஒருநாள் நாலு பத்துக்கு வந்து நிறுத்தியபோது விலக்கில் முப்பது பேர் இருந்தார்கள். இவர் வண்டிக்கு ஏறுகிறவர்கள் நாலே பேர். மற்றவர்கள் வேறு வேறு பக்கம் போகிறவர்கள், வேறு வேறு வண்டிக்கு நிற்கிறவர்கள். வேலுத்தாய் கூடையை இறக்கிவைத்து, கூடை மேல் போட்டிருந்த சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டிருந்தாள். வெள்ளரிக்காய் வாடிக் கிடந்தது. அவளும்தான்.

ஜெபமணி விசில் ஊதினான். குருவையா கியரைப் போடவில்லை. இறங்கிச் சுற்றிவந்து, படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றார்.

"ஏறலயா?"

"இல்லண்ணே. பின்னாடி வண்டி வரட்டும்."

"ஏன், இது வண்டி இல்லயா?"

வேலுத்தாய் தரையைப் பார்த்தாள். "மொதக் கையெழுத்து நாந்தாண்ணே போட்டேன்."

"தெரியும்."

"சுந்தரராசு போடச் சொல்லல. நானேதான் போட்டேன். ஒங்க வண்டிதான் விழும்னும் தெரியும். தெரிஞ்சேதான் போட்டேன்."

"தெரியும்னு சொல்றேன்ல."

"திட்டிருங்கண்ணே. திட்டினா ஏறிருவேன்."

"திட்டுறதுக்குத் தெம்பு இல்ல."

அவர் அண்ணாந்து வெயிலைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார், பஸ்ஸிலிருந்து கிழக்கே அவர் காலடியில் விழுந்து கிடந்த நிழலைப் பார்த்தார். நல்ல நீளம். ஆட்கள் நின்ற இடத்துக்கு நாலு முழம் எட்டவில்லை. அவர் திரும்ப ஏறினார். வண்டியை எடுத்தார். போய்விட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் பஸ் இரண்டு முன்னும் ஒரு பின்னுமாக, கல்யாண மண்டபத்து வாசலில் கார் ஒதுக்குவது மாதிரி ஒதுங்கி, இடது சக்கரம் மண்ணில் இறங்க, முப்பது பேருடைய தலைக்கும் நேராக வந்து நின்றது. நிழல் கூட்டத்தின் மேல் ஏறிக் கடைசி ஆள் வரைக்கும் போனது. எஞ்சின் உறுமி அடங்கியது.

"அண்ணே, டைமு" என்று பின்படியிலிருந்து ஜெபமணி கத்தினான்.

"இருக்கட்டும்."

"நீலக்காரன் வந்துருவாண்ணே. ஸ்டாண்டுல சட்டயப் பிடிப்பான்."

"பிடிக்கட்டும். பழைய சட்டதான்."

"மொதலாளிக்கு என்ன சொல்ல?"

"வண்டி மக்கர்னு சொல்லு. டிரைவர் மக்கர்னு சொன்னாலும் சரி."

வெளியே முதலில் யாரும் அசையவில்லை. பிறகு மஞ்சள் பைக்காரர் உட்கார்ந்தார். பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். வேலுத்தாய் தலையிலிருந்த சாக்கை எடுத்துக் கீழே விரித்தாள். பின்னால் நீல வண்டி வந்து, ஹாரன் அடித்து, அடித்து ஓய்ந்து, சற்றுநேரம் சும்மா நின்றது. அப்புறம் ஒதுங்கிப் பக்கத்தில் இடம் பார்த்து நிற்கிற சத்தம் கேட்டது. குருவையா திரும்பிப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, நரம்பு சுருட்டின காலை எஞ்சின் பெட்டி மேல் நீட்டிப் போட்டார்.